திருகோணமலைக் கடற்கரையிலிருந்து அன்ட்ரொமெடா: ஒரு சுருள் பேரடையைப் படமெடுத்து விளங்கிக்கொள்ள முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியைத் திறந்தாலும், அன்ட்ரொமெடாவைப் படமெடுக்க ஒக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் உகந்தவை என்றிருக்கும். நானும் முதல் வருடம் அதை நம்பிக் காத்திருந்தேன். ஒக்டோபர் போய் மாரி இறங்கியது. அதன் பிறகு தை பிறக்கும்வரை தெளிந்த வானம் என்று நாலு இரவுகூடக் கிடைக்கவில்லை. அந்த வழிகாட்டிகளில் பிழை இல்லை, அவை வேறொரு வானத்துக்காக எழுதப்பட்டவை. எங்கள் ஊரின் மழை, காற்று, கடல் இருக்கும் திசை, துருவ நட்சத்திரத்தின் உயரம் எல்லாமே வேறு. அதனால் நான் ஐந்தாறு வருடமாக நிலாவெளிப் பக்கக் கரையில் நின்று பழகியதை, எங்கள் ஊருக்கென்றே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

ஏன் இந்தப் பேரடை

அன்ட்ரொமெடா, வானியல் பட்டியலில் எம் 31, எங்கள் பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள பெரிய சுருள் பேரடை (கலக்ஸி). தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மங்கலான ஒரு பஞ்சுத் துண்டுபோலத் தெரியும். பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964-ல் இதை ஒரு சிறு முகில் என்று குறித்துவைத்தார். சார்ல்ஸ் மெசியே 1764-ல் தன் பட்டியலில் 31-வதாகச் சேர்த்தார்.

தொடங்குபவருக்கு இதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அதன் அளவு. வானத்தில் சுமார் 3 பாகை நீளம், அதாவது ஆறு முழுநிலவை வரிசையாக வைத்த நீளம். தொலைகாட்டி வேண்டாம். கல்யாணப் படம் எடுக்கும் கமராவும் லென்ஸும் போதும்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பேரடை நேர் வடகிழக்கில் உதிக்கிறது. நிலாவெளிக் கரையில் நின்றால் வடகிழக்கு முழுக்கக் கடல். பட்டினத்து வெளிச்சமும் துறைமுக வெளிச்சமும் உங்கள் முதுகுப் பக்கம், தெற்கே இருக்கும். பிறகு அது மேலேறி வடக்கில் 57 பாகை உயரத்தில் உச்சத்தைத் தொடும். அங்கேயும் பட்டின வெளிச்சம் எட்டாது. இரவு முழுக்க அது எங்கள் வானத்தின் இருண்ட பாதியிலேயே நடக்கிறது.

நாளும் நேரமும்

மாரிக்கு முந்திய மூன்று மாதங்கள்தான் எங்கள் காலம்: ஆடி, ஆவணி, புரட்டாதி. ஓகஸ்ட் முதலாம் திகதி அது இரவு 9.40 அளவில் உதித்து, விடியப்புறம் 4.10-க்கு உச்சத்துக்கு வரும். ஓகஸ்ட் நடுவில் உச்சம் 3.15-க்கு. செப்டெம்பர் தொடக்கத்தில் 2 மணி கழிந்து. ஒரு நாளைக்கு நாலு நிமிடம் முந்துகிறது என்று கணக்கு வைத்தால் எந்த நாளுக்கும் நீங்களே சொல்லிவிடலாம்.

உதித்தவுடன் எடுக்கத் தொடங்க வேண்டாம். கடல்மட்டத்தை ஒட்டிய காற்று கனத்தது, உப்புப் புகாரும் சேர்ந்து எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். உச்சத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னரே அது 38 பாகை உயரத்துக்கு வந்துவிடும். அப்போது தொடங்குங்கள். ஆவணியில் அது நள்ளிரவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். 4.45 அளவில் கீழ்வானம் வெளுக்கத் தொடங்குவதால் நாலு மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கும். ஆடியில் இவ்வளவு கிடைக்காது. புரட்டாதியில் நேரம் நிறைய, ஆனால் முகில் கூடிவிடும். மூன்றிலும் நான் ஆவணியைத்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது நிலவு. வீட்டு நாட்காட்டியில் போயா நாளில் சிவப்பு விழுந்திருக்கும். விடுமுறையாயிற்றே என்று அன்றைக்குக் கிளம்ப வேண்டாம், முழுநிலவில் பேரடை கரைந்துபோகும். அமாவாசையைப் பாருங்கள். ஆனால் அமாவாசை இரவு மட்டும்தான் என்று நினைக்கவும் வேண்டாம். நாங்கள் எடுப்பது நள்ளிரவுக்குப் பிறகு. அமாவாசை கழிந்து வரும் ஏழு நாளும் வளர்பிறை நிலவு நள்ளிரவுக்குள் மேற்கே மறைந்துவிடும். ஆகவே அமாவாசைக்குப் பின் வரும் ஒரு கிழமைதான் நல்ல கிழமை. அமாவாசைக்கு முந்திய நாட்களில் தேய்பிறை விடியப்புறம் கிழக்கே எழும்பி, நல்ல நேரத்தைக் கெடுத்துவிடும். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கழிக்கக் கன்னியாவுக்கும் கடற்கரைக்கும் சனம் வரும் நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

காற்றையும் சொல்ல வேண்டும். இந்த மாதங்களில் வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவது. அது வீசும்வரை லென்ஸில் உப்பு படியாது, ஆனால் மணலும் தூசியும் வரும், கமராவும் ஆடும். அது அடங்கிக் கடல்பக்கக் காற்று திரும்பினால் அரை மணித்தியாலத்துக்குள் லென்ஸ் முகப்பில் ஈரம் பிடிக்கும். இரண்டுக்கும் ஆயத்தமாகப் போங்கள். ஓகஸ்டில் சில நாள் பின்னேரம் இடி முழங்கி ஒரு பாட்டம் மழை பெய்யும். மழை பெய்துவிட்டதே என்று படுத்துவிடாதீர்கள். தூசியெல்லாம் கழுவுப்பட்டு, அன்றிரவு வானம் கண்ணாடிபோல் இருக்கும். என் ஆகச் சிறந்த இரண்டு படங்களும் அப்படிப்பட்ட இரவுகளில் எடுத்தவை.

எங்கே நிற்பது

உப்புவெளியில் ஹோட்டல் விளக்குகள் கூடிவிட்டன. நிலாவெளிக்கு வடக்கே, இறக்கக்கண்டி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போகப்போக இருட்டு நல்லது. உள்நாட்டில், கந்தளாய்ப் பக்கமும் ஹொரவப்பொத்தானை வீதியிலும் இன்னும் இருட்டாக இருக்கும். ஆனால் அங்கே இரவில் யானை நடமாட்டம். படத்துக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

கடற்படை முகாம்களுக்கும் காவலரண்களுக்கும் அருகே ட்ரைபொட் விரிக்காதீர்கள். இருட்டில் நீளமான லென்ஸோடு ஒருவர் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது நட்சத்திரத்துக்கு என்று தெரியாது. பகலிலேயே போய் இடத்தைப் பாருங்கள். கரைவலை வாடி இருந்தால் அங்கே கேளுங்கள். நான் முதல்முறை கேட்டபோது வாடியில் இருந்த பெரியவர், “இருங்கோ தம்பி, வெள்ளாப்பில வலை வளைப்பம், அதுக்குள்ள முடிச்சிடுங்கோ” என்றார். அன்றிலிருந்து அந்த வாடிதான் என் இடம். ஆள் நடமாட்டம் இருப்பதால் பயமில்லை, நாய்களும் பழகிவிட்டன. தனியாகப் போகாதீர்கள். நுளம்புத் தைலம், ஒரு பிளாஸ்க் பிளேன்ரீ, சிவப்புக் காகிதம் சுற்றிய டோர்ச் மறக்க வேண்டாம். வெள்ளை வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால் கண் மீண்டும் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் ஆகும்.

கருவி

லென்ஸ் கழற்றி மாற்றக்கூடிய எந்த டிஜிட்டல் கமராவும் சரி. லென்ஸைப் பொறுத்தவரை இப்படி யோசியுங்கள்: 50 மில்லிமீற்றர் லென்ஸில் இந்தப் பேரடை சென்சாரில் 2.6 மில்லிமீற்றர் நீளத்துக்கு விழும், 135-ல் 7 மில்லிமீற்றர், 200-ல் 10.5. நடுத்தர கமராவின் சென்சார் அகலம் 22 மில்லிமீற்றர் அளவு. ஆகவே 200 மில்லிமீற்றரில் பேரடை படத்தின் பாதி அகலத்தை எடுத்து, சுற்றிலும் வானம் விட்டு, அழகாக அமரும்.

70-200 லென்ஸ் வாங்கக் கட்டாது என்றால் கல்யாண ஸ்டூடியோக்காரரிடம் கேளுங்கள். ஆடியில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை, அவருடைய லென்ஸ் அலுமாரியில்தான் இருக்கும். நான் இரண்டு வருடம் அப்படித்தான் இரவல் வாங்கி எடுத்தேன்.

இனி, ட்ரைபொட் மட்டும் போதுமா, ட்ரக்கர் வேண்டுமா என்ற கேள்வி. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. நின்ற ட்ரைபொட்டில் 50 மில்லிமீற்றருக்கு 6 நொடி, 85-க்கு மூன்றரை நொடி, 200-க்கு ஒன்றரை நொடிக்கு மேல் போனால் புள்ளி கோடாகும். அப்படிக் குறுகிய படங்களை 300, 400 என்று எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் பேரடையின் நடுவும் வட்டின் ஒரு பங்கும் தெரியும். முதல் இரவுக்கு அதுவே போதும். கரும்பட்டைகளும் நீலக் கைகளும் வேண்டுமானால், வானத்தோடு சேர்ந்து கமராவைச் சுழற்றும் சிறிய ட்ரக்கர் வேண்டும்.

மணலில் ட்ரைபொட் கால் மெல்ல மெல்லப் புதையும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள். கால்களை முழுக்க நீட்டாமல் தாழ்வாக வைத்து, நடுவில் ஒரு மணல் பையைக் கட்டிவிடுங்கள்.

துருவம்: எங்கள் ஊரின் கஷ்டமான படி

ட்ரக்கரின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்க வேண்டும். துருவத்தின் உயரம் நிற்கும் இடத்தின் அகலாங்குக்குச் சமம். திருகோணமலையில் அது எட்டரைப் பாகை. கையை நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கிக் கடல்விளிம்பில் வைத்தால், முட்டியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே. இலண்டனில் நிற்பவருக்குத் துருவ நட்சத்திரம் 51 பாகையில் பளிச்சென்று நிற்கும். எங்களுக்கோ அது கடல் புகாருக்குள் மினுங்கும் ஒரு மங்கல் புள்ளி. பல பேர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். விட வேண்டியதில்லை.

முதலில், வாங்கும்போதே ட்ரக்கரின் அடித்தளம் எட்டரைப் பாகைவரை தாழுமா என்று பாருங்கள். சிலவற்றின் அளவுகோல் அதற்கு மேலேயே நின்றுவிடும். அச்சு கிட்டத்தட்டக் கிடையாகப் படுப்பதால், எதிர்எடைத் தண்டு ட்ரைபொட் காலில் முட்டவும் கூடும். வீட்டு முற்றத்தில் பகலில் ஒருமுறை முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கரையில், ட்ரைபொட்டின் மேல்தட்டை நீர்மட்டம் பார்த்துச் சமன் செய்யுங்கள். போனிலுள்ள சாய்வுமானியை அச்சின்மேல் வைத்து எட்டரைப் பாகைக்குக் கொண்டுவாருங்கள். உயரம் அமைந்துவிட்டது. இனி இடம் வலம் மட்டும்தான். திசைகாட்டியால் வடக்கை ஓரளவு பிடித்து, அந்த உயரத்தில் கடலுக்கு மேலே தேடினால் துருவ நட்சத்திரம் அகப்படும். குச்சவெளிப் பக்கக் கரையில் நேர் வடக்கே கடல் என்பதால் மரமோ கட்டடமோ மறைக்காது. இந்த உயரத்துக்கு அது பெரிய வரம். அடித்தளத்தை ஒழுங்குபடுத்தும் வேலையை முன்னிரவிலேயே முடித்துவையுங்கள், பின்னர் புகார் கூடினாலும் பாதிக்காது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? நானே கணக்குப் போட்டுப் பார்த்துப் பயம் தெளிந்த விஷயம் இது. அரை நிலவு அகலத்துக்கு, அதாவது கால் பாகைக்கு அச்சு பிசகியிருந்தாலும், 200 மில்லிமீற்றர் லென்ஸில் ஒரு நிமிடத்தில் நட்சத்திரம் சுமார் ஒரு பிக்சல்தான் நகரும். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக விலகி நிற்கிறது. துருவக் கண்ணாடி (துருவத்தைக் குறிவைக்க ட்ரக்கரில் பொருத்தும் சிறு தொலைநோக்கி) இல்லாமல் அந்த நட்சத்திரத்தையே நேராகக் குறிவைத்தாலும், 135 மில்லிமீற்றரில் 30 நொடிப் படத்தில் நகர்வு ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஆகவே துருவக் கண்ணாடி இல்லாதவர் 135-உம் 30 நொடியுமாக வைத்துக்கொள்ளட்டும். இருப்பவர் 200-உம் 60 நொடியும் போகலாம்.

கண்டுபிடிப்பது

பஞ்சாங்கம் தெரிந்தவருக்கு இந்த இடம் புதிதல்ல. பூரட்டாதியும் உத்தரட்டாதியும் கட்டிலின் கால்கள் என்பார்கள். பூரட்டாதியின் இரண்டு நட்சத்திரங்களும் உத்தரட்டாதியின் இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய சதுரம். மேற்கே அதைப் பெகாசஸ் சதுரம் என்பார்கள். ஆவணி நள்ளிரவில் அது கிழக்கு வானில் சரிந்த கட்டிலாக நிற்கும்.

சதுரத்தின் இடக்கோடி நட்சத்திரம் அல்ஃபெரட்ஸ், உத்தரட்டாதியின் வடக்குக் கால். அங்கிருந்து இடப்பக்கம் கீழே ஒன்றரை முட்டி தூரத்தில் அதேயளவு பிரகாசமாக ஒன்று: மிராக். மிராக்கில் நின்று இடப்பக்கம் மேலே திரும்புங்கள். நாலு பாகையில் ஒரு மங்கல் நட்சத்திரம், இன்னும் மூன்று பாகையில் அதைவிட மங்கலான இன்னொன்று. அந்த இரண்டாவதை நேரே பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பாருங்கள். அதையொட்டி மேலே ஒரு புகைத்தடம் தெரியும். அதுதான்.

என் தங்கை மகளுக்கு எட்டு வயதில் இதைக் காட்டினேன். நேரே பார்த்தால் காணவில்லை, கண்ணைத் திருப்பினால் வருகிறது என்று அவள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். மங்கலான ஒளியை உணரும் கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் நிறைந்திருக்கின்றன. அதனால்தான் ஓரக்கண்ணுக்கு அகப்படுகிறது.

ஃபோகஸும் எக்ஸ்போஷரும்

மிராக்கையே ஃபோகஸுக்குப் பாவியுங்கள். தானியங்கி ஃபோகஸை நிறுத்தி, லைவ் வியூவில் 10 மடங்கு பெருப்பித்து, நட்சத்திரம் ஆகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை ஒரு துண்டு டேப்பால் ஒட்டிவிடுங்கள். குளிர்நாடுகளில் இரவு வெப்பநிலை இறங்க இறங்க ஃபோகஸ் மாறும். எங்கள் கரையில் இரவில் ஓரிரண்டு பாகைதான் இறங்குவதால் விடியும்வரை பெரும்பாலும் அசையாது. ஆனாலும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

அமைப்பு: ரோ கோப்பு, முழு மனுவல், லென்ஸை ஒரு படி மூடி எஃப் 4 அளவில், ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, வெள்ளைச் சமநிலை பகல் வெளிச்சம். லென்ஸின் அசைவுக் கட்டுப்பாட்டையும், கமராவின் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பையும் நிறுத்துங்கள். ஒரு படம் எடுத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு இடது விளிம்பிலிருந்து நன்றாக விலகி, கால் பங்கில் நின்றால் சரி. பிறகு, தானாகவே அடுத்தடுத்துப் படமெடுக்க வைக்கும் இடைவெளிக் கருவியைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். 60 நொடிப் படம் 120 வேண்டும், அதாவது இரண்டு மணித்தியாலம். இரைச்சலுக்கு எதிரான தெளிவு படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு கூடும். நாலு மடங்கு படம் எடுத்தால் இரண்டு மடங்கு தெளிவு. ஒரு இரவு போதாவிட்டால் அடுத்த இரவையும் சேர்த்து அடுக்கலாம்.

பேரடையின் நடு மிகப் பிரகாசமானது, 60 நொடியில் வெளுத்துப்போகும். 10 நொடிப் படம் ஒரு இருபது தனியாக எடுத்து வையுங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை டோர்ச்சைச் சரித்துப் பிடித்து லென்ஸ் முகப்பைப் பாருங்கள். ஈரம் பிடித்தால் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். பவர் பாங்கில் ஓடும் சூடாக்கும் பட்டை ஒன்றைத் தொடக்கத்திலேயே லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுவதே வழி. ஒரு ஆவணி இரவில் அது இல்லாமல் போய், 90 படத்தில் 60 படம் பால் ஊற்றினதுபோல் வந்தது. அதன் பிறகு பட்டை இல்லாமல் நான் போனதில்லை.

டார்க், ஃபிளாட்

இதைச் சோம்பலில் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். எங்கள் ஊரில் விடவே கூடாது. சென்சார் சூடாக இருக்கும்போது ஒளியே இல்லாமலும் மின்னோட்டம் கசியும். வெப்பநிலை சுமார் 6 பாகை ஏற ஏற அது இரட்டிக்கும். ஐரோப்பாவில் 5 பாகைக் குளிரில் எடுப்பவரைவிட, 26 பாகையில் நிற்கும் எங்களுக்கு அது பத்து மடங்கு. அந்தக் கறையைக் கழிக்கத்தான் டார்க். எல்லாம் முடிந்ததும் லென்ஸை மூடியால் மூடி, அதே நொடி, அதே ஐஎஸ்ஓவில் 25 படம் எடுங்கள்.

ஃபிளாட் என்பது லென்ஸ் ஓரங்களின் இருளையும் தூசிப் புள்ளிகளையும் கழிப்பதற்கு. விடியும் நேரத்தில், துவைத்த வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் லென்ஸ் முகப்பில் இழுத்துக் கட்டி, தலைக்கு மேலே வெளுத்த வானத்தை நோக்கி 25 படம். ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்க வேண்டும். ஃபோகஸையும் எஃப் எண்ணையும் தொடவே கூடாது. கடைசியாக, மூடி போட்டபடி ஆகக் குறைந்த நேரத்தில் 25 படம். அது பயஸ், கமராவின் அடிப்படை இரைச்சலைக் கழிப்பதற்கு.

கணினியில்

சிரில் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறேன். லைட் (பேரடையை எடுத்த படங்கள்), டார்க், ஃபிளாட், பயஸ் நான்கையும் தனித்தனிக் கோப்புறையில் போட்டு, உள்ளேயே இருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினால் கழித்து, வரிசைப்படுத்தி, அடுக்கித் தரும். கோப்புறைப் பெயர்கள் ஸ்கிரிப்ட் கேட்கும் ஆங்கிலப் பெயர்களாகவே இருக்க வேண்டும்.

வெளியே வரும் படம் கறுப்பாக இருக்கும். பயப்படாதீர்கள், தகவல் எல்லாம் கீழ்மட்டத்தில் படுத்திருக்கிறது. ஓரங்களை வெட்டுங்கள். பின்னணிச் சரிவை நீக்குங்கள். நட்சத்திரங்களின் அறியப்பட்ட நிறத்தை வைத்து நிறத்தைச் சரிசெய்யும் வசதியை ஓட்டுங்கள். இவை மூன்றும் முடிந்த பிறகுதான் வெளிச்சத்தை நீட்ட வேண்டும், அதாவது மங்கலானதைப் பிரகாசமாக்க வேண்டும். ஒழுங்கு மாறினால் பின்னணியில் பச்சையும் ஊதாவும் திட்டுத்திட்டாக வரும். நீட்டும்போது ஒரேயடியாக இழுக்காமல் நாலைந்து சிறு படியாக இழுங்கள். முதல் இழுப்பில் நடு மட்டும் தெரியும். மூன்றாவதில் வட்டின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தோன்றும். அந்தக் கோட்டை என் சொந்தப் படத்தில் முதன்முதல் கண்ட காலையில், கண்ணைத் திரையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

நிறத்தைக் கூட்டுவதில் அடக்கம் வேண்டும். கருநீலமாக மின்னும் அன்ட்ரொமெடா படங்கள் நிறைய உண்டு, அவை உண்மை நிறமல்ல.

படத்தை வாசிப்பது

முதலில் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நிற்பவருக்கு இந்தப் பேரடை உச்சிக்குத் தெற்கே கடக்கும், எங்களுக்கோ உச்சிக்கு வடக்கே. வடக்கே பார்த்து நிற்கும்போது வானத்தின் வடக்கு, கடல்விளிம்புப் பக்கம் கீழே இருக்கிறது. ஆகவே உச்ச நேரத்தில் கமராவை மட்டமாக வைத்து நாங்கள் எடுத்த படம் புத்தகப் படத்துக்குத் தலைகீழாக வரும். 180 பாகை திருப்பினால் வடக்கு மேலே வரும், வட்டு இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்குச் சரிந்து கிடக்கும்.

நடுவுக்கு நேர் கீழே, வட்டின் ஓரத்தில், வீங்கிய நட்சத்திரம்போல் ஒரு புள்ளி: எம் 32. வலப்பக்கம் மேலே, வட்டைவிட்டு விலகி நீள்வட்டமாக ஒரு புகை: எம் 110. இரண்டும் அன்ட்ரொமெடாவைச் சுற்றும் சிறு பேரடைகள். வலது கீழ்க்கோடியில், கையின்மேல் சற்று நீலமாக ஒரு திட்டு தெரிந்தால் அது என்ஜிசி 206, இளம் நட்சத்திரங்களின் பெருங்கூட்டம். 200 மில்லிமீற்றரில் அது தெரிந்துவிட்டால் உங்கள் ஃபோகஸும் ட்ரக்கரும் சரி என்று அர்த்தம்.

நடு மஞ்சள், ஓரம் நீலம். மஞ்சள் என்றால் வயதான நட்சத்திரங்கள். நீலம் என்றால் பெரியதும் சூடானதுமான இளம் நட்சத்திரங்கள். அவை எரிபொருளை வேகமாகத் தின்று சீக்கிரம் மடிவதால், பிறந்த இடத்தைவிட்டு அதிகம் விலக நேரமில்லை. நீலம் தெரியும் இடம் இன்றும் நட்சத்திரம் பிறக்கும் இடம். இந்த இருவகைப் பிரிவை 1944-ல் வானியலாளர் வால்டர் பாடே அன்ட்ரொமெடாவை வைத்தே நிறுவினார். அவர் வேலை செய்த மவுன்ட் வில்சன் ஆய்வகத்துக்கு அருகே, போர்க்கால இருட்டடிப்பால் லொஸ் ஏஞ்சலிஸ் விளக்குகள் அணைந்திருந்த இரவுகள் அவருக்கு உதவின. நிலாவெளிக் கரையில் இருட்டைத் தேடி அலையும் எங்களுக்கு அது நன்றாக விளங்கும்.

கரும்பட்டைகள் தூசி. அவை வலது மேல்பக்கத்தில்தான் தெளிவாக வெட்டித் தெரிகின்றன என்பதைக் கவனியுங்கள். வட்டு எங்களுக்கு நேர்முகமாக இல்லை, 77 பாகை சாய்ந்து கிடக்கிறது. வலது மேல்பக்கம் எங்களுக்குக் கிட்டிய விளிம்பு. அங்கே தூசி நடுப்பகுதியின் வெளிச்சத்துக்கு முன்னே நின்று மறைப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. மறுபக்கத்துத் தூசி அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. தட்டையான படத்தில் எது கிட்ட, எது தூர என்று இப்படித்தான் பிரித்தறிகிறோம்.

இதிலிருந்து இன்னொன்று. வட்டின் குறுக்களவு ஒன்றரை லட்சம் ஒளியாண்டு அளவு. இந்தச் சாய்வில், தூர விளிம்பின் ஒளி கிட்டிய விளிம்பின் ஒளியைவிட ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் முந்திக் கிளம்பியிருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே நிமிடத்தில் உங்கள் சென்சாரில் விழுகிறது. உங்கள் படத்தின் இரண்டு விளிம்பும் ஒரே காலத்தவை அல்ல.

இது ஒரு தனிப் பேரடை என்று தெரிந்தே நூறு வருடம்தான் ஆகிறது. 1888-ல் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படத்தில் சுருள் அமைப்புத் தெரிந்தது, ஆனால் அது பால்வீதிக்குள் இருக்கும் வாயுச் சுழல் என்றே பலர் எண்ணினார்கள். 1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள், மவுன்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைகாட்டியில் எடுத்த கண்ணாடித் தகட்டில், நோவா (திடீரென்று பிரகாசிக்கும் விண்மீன்) என்று முதலில் குறித்த ஒரு புள்ளியை வெட்டிவிட்டு, மாறும் விண்மீன் என்று எழுதினார். அது 31 நாளுக்கொருமுறை கூடிக் குறையும் செஃபீட் வகை. அப்படிப்பட்ட விண்மீன்களின் மாறுகாலத்தை வைத்து உண்மைப் பிரகாசத்தைச் சொல்லலாம் என்று ஹென்றியெட்டா லெவிட் 1912-ல் காட்டியிருந்தார். உண்மைப் பிரகாசமும் தெரியும் பிரகாசமும் கையிலிருந்தால் தூரம் வந்துவிடும். ஹபிள் கண்ட தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. இன்றைய அளவைவிடக் குறைவுதான், ஆனாலும் பால்வீதிக்கு வெளியே என்று தீர்ந்துபோனது.

வட்டின் வலது கீழ்ப்பாதி எங்களை நோக்கியும், இடது மேற்பாதி விலகியும் சுழல்கிறது. வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-ல் இந்த வேகத்தை வெளிவிளிம்புவரை அளந்தார்கள். தெரியும் நட்சத்திரங்கள்தான் எல்லா நிறையும் என்றால், வெளியே போகப்போக வேகம் தளர வேண்டும். தளரவில்லை, நொடிக்கு 200 கிலோமீற்றருக்கு மேலேயே நின்றது. ஒளிராத நிறை ஏதோ வட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற எண்ணம் வலுத்தது இப்படிப்பட்ட அளவீடுகளால்தான். உங்கள் படத்தில் ஓரம் கரைந்து கறுப்பாகும் இடத்தில் பேரடை முடியவில்லை.

அன்ட்ரொமெடா எங்களை நோக்கி வருவதும் உண்மை. 1912-ல் வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்தபோது நொடிக்கு 300 கிலோமீற்றர் என்று கண்டார். அதில் பெரும்பங்கு பால்வீதிக்குள் எங்கள் சூரியனின் ஓட்டம். பேரடைக்குப் பேரடை என்று பார்த்தால் சுமார் 110 கிலோமீற்றர். சுமார் 450 கோடி ஆண்டில் இரண்டும் மோதும் என்று வெகுகாலம் உறுதியாகச் சொன்னார்கள். 2025-ல் வந்த புதிய கணக்கு, அடுத்த 1,000 கோடி ஆண்டில் மோதவும் விலகவும் ஏறக்குறையச் சம வாய்ப்பு என்கிறது.

இவ்வளவு பேர் இவ்வளவு காலம் படமெடுத்த இடத்தில் இனி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2022-ல் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செயின்டி என்ற அமெச்சூர்கள், ஒட்சிசனின் பச்சைநீல ஒளியை மட்டும் விடும் வடிகட்டியோடு பல மணித்தியாலம் எடுத்தபோது, பேரடைக்குப் பக்கத்தில் அதுவரை யாரும் கண்டிராத ஒரு பெரிய ஒளி வளைவைக் கண்டார்கள். அவர்கள் அங்கே பார்த்தது பெரிய ஆய்வகத் தொலைகாட்டியால் அல்ல.

படத்தின் மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். இந்த ஆவணியில் எடுத்த இரண்டு மணித்தியாலத்தோடு, அதே லென்ஸில் அடுத்த ஆவணியில் எடுப்பதையும் சேர்த்து அடுக்கலாம். என் கோப்புறையில் இப்போது 11 மணித்தியாலம் சேர்ந்திருக்கிறது. எம் 110-க்கும் வட்டுக்கும் இடையே, முன்பு வெறும் கறுப்பாக இருந்த இடத்தில், போன வருடம்தான் மெல்லிய வெளிச்சம் எழத் தொடங்கியது.